மாருதி எர்டிகா: மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு ஒரு பெரிய வண்டி என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். காசு தாராளமாக இருந்தால் இன்னோவா, கணக்குப் பார்த்தால் எர்டிகா. 2012 ஏப்ரலில் முதன்முதலில் வந்த எர்டிகா, 2018 நவம்பரில் அடிமுதல் நுனிவரை மாறியது. 2022 ஏப்ரலில் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் மட்டும் புதிதாயின. இன்று ஷோரூமில் நிற்பது அதன் தொடர்ச்சிதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் எப்போதும் நாலைந்து பேர், மாதத்தில் ஒன்றிரண்டு முறை தாத்தா பாட்டியோ அத்தை மாமாவோ சேர்ந்து ஏழு பேர் என்றால் எர்டிகா கச்சிதம். தினமும் ஏழு பேர், அல்லது ஏழு பேரோடு நாலு நாள் ஊர் சுற்றும் மூட்டை முடிச்சு என்றால் ஒரு வருடத்தில் சலித்துவிடும். விபத்துச் சோதனை மதிப்பெண்தான் உங்களுக்கு முதல் கேள்வி என்றால் இதை வாங்கவே வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

உட்காரும் இடம்

ஷோரூமில் நடக்கும் சின்னத் தந்திரம் ஒன்று உண்டு. இரண்டாவது வரிசை சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டுத்தான் விற்பனையாளர் மூன்றாவது வரிசையைக் காட்டுவார். அப்படிப் பார்த்தால் பின்னால் காலை நீட்டிப் படுக்கலாம் போல இருக்கும். பிறகு இரண்டாவது வரிசையைப் பின்னுக்கு இழுத்து அதைக் காட்டுவார். அங்கும் இடம் தாராளம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

எனவே இந்த வரிசையில் பாருங்கள். வண்டியை அதிகம் ஓட்டப்போகிறவர் முதலில் ஏறித் தனக்கு வசதியாக டிரைவர் சீட்டை அமைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பின்னால் வீட்டிலேயே உயரமானவர் உட்கார்ந்து, முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வரும்வரை சீட்டை நகர்த்தட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பெரியவர் மூன்றாவது வரிசைக்குப் போகட்டும். இப்போது தெரிவதுதான் வண்டியின் உண்மையான இடம். பத்து நிமிடமாவது இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்த முதல் நிமிடத்தில் எல்லாச் சீட்டும் சொகுசுதான்.

ஐந்தரை அடிக்காரர் மூன்றாவது வரிசையில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பார். தலை இடிக்காது, முட்டியும் ஒருமாதிரி அடங்கிவிடும். சிக்கல் தொடையில். தரை உயரம், சீட் தாழ்வு. ஆகவே முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது, உடம்பின் மொத்தக் கனமும் இடுப்பில் இறங்கும். சென்னையிலிருந்து விழுப்புரம்வரை தெரியாது, திருச்சி வருவதற்குள் தெரிந்துவிடும். முதுகைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளும் வசதி இந்த வரிசையில் இருப்பதுதான் ஆறுதல். இந்த விலையில் இதைவிட நல்ல கடைசி வரிசை கியா கேரன்ஸில்தான் கிடைக்கும்.

மூன்றாவது வரிசைக்கு இடது கதவு வழியாக ஏறுவதுதான் வழக்கம். இரண்டாவது வரிசையின் இடது சீட் ஒரே இழுப்பில் சாய்ந்து முன்னால் நகரும். குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களையும் புடவை கட்டிய பெரியவர்களையும் அங்கே அனுப்பாதீர்கள். அவர்களுக்கு ஏற்ற இடம் இரண்டாவது வரிசை இடது ஓரம். சீட்டின் உயரம் கிட்டத்தட்ட இடுப்பு மட்டத்தில் வருவதால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், அப்படியே நகர்ந்து உட்காரலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எர்டிகாவுக்கு நல்ல பெயர் இருப்பதற்குக் காரணம் இந்த ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

குழந்தைக்குத் தனிச் சீட் பொருத்துகிறவர்கள் கவனிக்க: ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டாவது வரிசையின் இரு ஓரத்திலும் உண்டு. டிரைவருக்குப் பின்னால், வலது பக்கம் பொருத்துங்கள். இடது பக்கம் பொருத்தினால் மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

வண்டியின் அகலம் 1,735 மி.மீ. இரண்டாவது வரிசையில் மூன்று பேர் உட்காரலாம், ஆனால் மூவரும் தாட்டியானவர்களாக இருந்தால் தோள் உரசும். நடுவில் குழந்தை அல்லது மெலிந்தவர் என்றால் பிரச்சினையில்லை. நடுவே ஆள் வேண்டாம், இரண்டு தனிச் சீட் போதும் என்பவர்களுக்கு இதே வண்டிதான் எக்ஸ்.எல்.6 என்ற பெயரில் ஆறு சீட்டோடு மாருதியின் இன்னொரு ஷோரூம் வரிசையான நெக்ஸாவில் விற்கிறது. ரூமியன் என்று டொயோட்டா விற்பதும் எர்டிகாவேதான். பக்கத்தில் எந்த டீலரின் சர்வீஸ் நன்றாக இருக்கிறதோ, யார் சீக்கிரம் டெலிவரி தருகிறாரோ, அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

டிக்கி

மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர். நடைமுறையில், முதுகில் மாட்டும் பை நாலைந்தை நிறுத்தி அடுக்கலாம். பெரிய டிராலி பெட்டி ஒன்றுகூடப் படுக்காது. மூன்றாவது வரிசையை மடக்கினால் 550 லிட்டர். அது 50:50 ஆகப் பிரிந்து மடங்கும் என்பதால் ஆறு பேரும் இரண்டு பெட்டியும் என்ற ஏற்பாடு சாத்தியம். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குவதால், பஞ்சர் ஆனால் டிக்கியைக் காலி செய்ய வேண்டியதில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு அதைத் தாங்கும் போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகிவிட்டால் நடுவழியில் கழற்றுவது பெரும்பாடு.

மேலே கேரியர் போட்டு ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏழு பேர் ஏறியபின் மேலே ஐம்பது அறுபது கிலோவை ஏற்றினால் இந்த வண்டி வளைவில் ஆடும். 185 மி.மீ. அகல டயர், மென்மையான சஸ்பென்ஷன் இரண்டுக்கும் அது ஒத்துவராது. பெட்டிகளைப் பஸ்ஸிலோ பார்சல் சர்வீஸிலோ முன்கூட்டியே அனுப்புவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். மலைப் பயணத்தில் அதுதான் சரி.

எஞ்சினும் மலையும்

1,462 சி.சி., நாலு சிலிண்டர் பெட்ரோல். 103 குதிரைத்திறன், 136.8 நியூட்டன் மீட்டர் இழுவை. இந்த இரண்டாவது எண் முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்று சுற்றும்போது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வண்டியின் எடை 1,200 கிலோவுக்குள். ஏழு பேர் ஏறினால் 400 கிலோவுக்கு மேல் கூடுகிறது, அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்கு. தனியாக ஓட்டும்போது துள்ளும் வண்டி, குடும்பத்தோடு மந்தமாவதன் கணக்கு இதுதான். டெஸ்ட் டிரைவ் போகும்போது விற்பனையாளரும் நீங்களும் மட்டும் போகாதீர்கள். குறைந்தது ஐந்து பேர், ஏ.சி. முழுக்கப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

நான்குவழிச் சாலையில் 90, 100 வேகத்தில் போக எந்தக் குறையும் இல்லை. ஐந்தாவது கியரில் லாரியைத் தாண்ட நினைத்தால் ஏறாது. மூன்றாவதுக்கு இறக்கி எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் தாண்ட வேண்டும். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் இது எரிச்சலாக இருக்கும்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏழு பேரோடு சிரமமில்லாமல் ஏறும். வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70 என்று போகும்போதுதான் ஓட்டுகிறவரின் கைப்பழக்கம் வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியர். சுற்று 1,500-க்குக் கீழே விழுந்தால் தயங்காமல் முதல் கியருக்கு மாற்றிவிட வேண்டும். பலர் செய்வது, இரண்டாவதிலேயே அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது. நாலு வளைவு அப்படி ஏறினால் கருகிய வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் எல்லா மாடலிலும் இருக்கிறது. அதை நம்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து நிதானமாகக் கிளட்ச் விடலாம்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். முழுச் சுமையோடு மூன்றாவதில் இறங்கி, பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அடிவாரத்துக்கு வருவதற்குள் பெடல் இளகிவிடும்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 2022-க்குப் பிந்தைய ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான் நல்லது. ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருக்கும் பேடில் மூலம் மலை இறக்கத்தில் இரண்டாவது கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வந்த நாலு கியர் பெட்டி உறுதியானது, ஆனால் ஏற்றத்தில் எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் அலைபாயும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்புவதும், வேகமெடுக்கும்போது சின்னதாக ஒரு தள்ளு கொடுப்பதும்தான் அதன் வேலை. பேட்டரியில் மட்டும் வண்டி ஓடாது. மேனுவலுக்குச் சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 20.51 கி.மீ. சென்னை, கோவை நெரிசலில் 13 முதல் 15, நான்குவழிச் சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 17 முதல் 19 என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. டாங்க் 45 லிட்டர்.

ஓட்டத்துக்குக் குறை சொல்ல முடியாது. சஸ்பென்ஷன் குழியை மென்று விழுங்கும். ஸ்டீயரிங் லேசு. திரும்பும் வட்டத்தின் ஆரம் 5.2 மீட்டர் என்பதால் மயிலாப்பூர் மாடவீதி மாதிரி இடத்திலும் தடவித் தடவித் திருப்ப வேண்டியதில்லை.

ஏ.சி.யில் மட்டும் ஒரு விஷயம். 2025 இரண்டாம் பாதிவரை வந்த வண்டிகளில் இரண்டாவது வரிசையின் கூரையில்தான் காற்றுத் துவாரம். தனி ப்ளோயர் உண்டு, நன்றாகவே குளிரும், ஆனால் மூன்றாவது வரிசைக்கு மிச்சக் காற்றுதான். மே மாத வெயிலில் பின்னால் இருப்பவர்களுக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் உயிர் வரும். அதன்பின் வந்த மாற்றத்தில் மூன்றாவது வரிசைக்குத் தனித் துவாரமும் கட்டுப்பாடும் கொடுத்துவிட்டார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டி பழைய கையிருப்பா புதியதா என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பாதுகாப்பு

சுற்றி வளைக்க வேண்டாம். 2024-ல் கார்களை மோதவிட்டு மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 1 நட்சத்திரம், குழந்தைகளுக்கானதில் 2. இதே தலைமுறை 2019-ல் பழைய விதிப்படி 3 நட்சத்திரம் வாங்கியிருந்தது. வண்டி மாறவில்லை, அளவுகோல் கடுமையானது. சோதித்த வண்டியில் இரண்டு ஏர்பேக். 2025 ஜூலையிலிருந்து எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வருகிறது. பக்கவாட்டு மோதலில் அது உதவும். ஆனால் அந்தச் சோதனையில் வண்டியின் கூடே உறுதியற்றது என்றுதான் மதிப்பிட்டார்கள். ஏர்பேக்கைக் கூட்டினால் கூடு கெட்டிப்படாது. விற்பனையாளர் ‘இப்ப ஆறு ஏர்பேக் சார்’ என்று பேச்சை மாற்றும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு வண்டியைப் பார்ப்பது நியாயம். எர்டிகாதான் என்று முடிவானால் எல்லா வரிசையிலும் பெல்ட் கட்டுங்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருக்க, கொக்கியை மட்டும் தனியாக வாங்கிச் செருகி பீப் ஒலியை அடக்கும் வழக்கம் நம்மூரில் பரவிக்கிடக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே இருப்பது ஒரு முழம்தான்.

எந்த மாடல், எவ்வளவு ஆகும்

தமிழ்நாட்டில் இதைக் கணக்குப் போடாமல் வாங்கக் கூடாது. 2023 நவம்பரில் வாழ்நாள் சாலை வரி மாறியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம்வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம்வரை 18 சதவீதம். கூடுதல் தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைக்காதீர்கள், மொத்த விலைக்கும் 18.

எர்டிகாவின் நடுத்தர மாடலான வி.எக்ஸ்.ஐ. மேனுவல் பத்து லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அதற்கு மேல் எதைத் தொட்டாலும் கோட்டைத் தாண்டிவிடும். ஓர் உதாரணம்: 9.8 லட்ச பெட்ரோல் வண்டிக்கு வரி 1,27,400 ரூபாய். இயற்கை எரிவாயுவில் ஓடும் 10.7 லட்ச சி.என்.ஜி. வண்டிக்கு 1,92,600. எக்ஸ் ஷோரூம் வித்தியாசம் 90,000. வரியில் மட்டும் இன்னும் 65,200. ஆக உண்மையான வித்தியாசம் 1,55,200. பத்து லட்சத்தைத் தாண்டினால் விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரியான டி.சி.எஸ். 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும்.

சி.என்.ஜி. லாபமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 14 கி.மீ. ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 7.14 ரூபாய். சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், 20 கி.மீ. என்றால் 4.50. மிச்சம் 2.64. வெறும் 90,000-ஐ ஈடுகட்ட 34,000 கி.மீ. போதும் என்றுதான் ஷோரூமில் காட்டுவார்கள். வரியையும் சேர்த்த 1,55,200-ஐ ஈடுகட்ட கிட்டத்தட்ட 59,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இரண்டரை வருடம், எடுக்கலாம். மாதம் 600 ஓட்டுகிறவருக்கு எட்டு வருடம். அவருக்கு எதற்கு?

சி.என்.ஜி.யின் மற்ற சங்கதிகள்: இழுவை 121.5 நியூட்டன் மீட்டராகக் குறையும். மலை ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. 60 லிட்டர் சிலிண்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் இருப்பதால் அந்த 209 லிட்டர் டிக்கியும் போயிற்று. ஒருமுறை நிரப்பினால் எட்டு ஒன்பது கிலோ பிடிக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சி.என்.ஜி.யில் ஆட்டோமேட்டிக் கிடையாது. நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் பங்க் எங்கெங்கே இருக்கிறது, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் மேனுவல் போதும். நகர நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயமுண்டு. அலாய் வீல், பெரிய திரை இவற்றுக்காக மட்டும் 18 சதவீதத்துக்குள் காலை வைப்பது வீண் செலவு.

கொட்டேஷன் வாங்கும்போது ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு புதிய காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுக் காட்டினாலே டீலர் இறங்கி வருவார்.

மாற்றாக என்ன

கியா கேரன்ஸ் 2022 பிப்ரவரியில் வந்தது. நீளம் 4,540 மி.மீ., வீல்பேஸ் 2,780. ஆரம்பத்திலிருந்தே ஆறு ஏர்பேக். 1.5 டீசல் உண்டு, 250 நியூட்டன் மீட்டர் இழுவை. அடிக்கடி முழுக் குடும்பத்தோடு கொடைக்கானல், மூணாறு போகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து இதன் டீசலுக்குப் போகலாம். சஸ்பென்ஷன் எர்டிகாவைவிடக் கொஞ்சம் இறுக்கம். கிராமத்துச் சாலையில் எர்டிகாதான் மெத்தென்று இருக்கும். சிறிய ஊர்களில் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 டீசல் நீண்ட பயணத்துக்கு வேறு தரம். ஏழு பேரும் மனிதர்களாக இறங்குவார்கள். பட்ஜெட் இரட்டிப்பு. லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த லேடர் ஃபிரேம் வண்டி என்பதால் நகரத்துக்குள் கனமாகத் தெரியும். இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் அமைதியிலும் மைலேஜிலும் அசத்தும், விலையும் அதற்கேற்ப. ரெனோ டிரைபர் நாலு மீட்டருக்குள் ஏழு சீட் வைத்த கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் 999 சி.சி. மூன்று சிலிண்டரில் ஏழு பேரோடு கொல்லிமலை ஏறுவதை யோசித்துப் பாருங்கள்.

பராமரிப்பு

இங்கேதான் எர்டிகா மற்றவற்றை முந்துகிறது. 1,000 கி.மீ., 5,000, 10,000 என மூன்று இலவச சர்வீஸ், பிறகு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை. 2024 ஜூலை முதல் வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. பணம் கட்டி 6 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை நீட்டிக்கலாம். ஆட்டோமேட்டிக் எடுத்தவர்கள் கட்டாயம் நீட்டியுங்கள். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. 185/65 ஆர்15 டயர் எந்த ஊரிலும் கிடைக்கும், மலிவு.

முழுச் சுமையில் அதிகம் ஓடும் வண்டிகளில் முதலில் பேசத் தொடங்குவது முன்பக்க சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். வேகத்தடையில் ‘டக் டக்’ என்று கேட்கும். பெரிய செலவில்லை, தள்ளிப்போட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். டயர் காற்றழுத்தம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஏழு பேர் போகும்போது பின் டயருக்கு அதில் சொல்லியிருக்கும் கூடுதல் அளவை வைக்க மறக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் கோட்டிங், ஏ.சி. கிருமிநீக்கம் என்று நீளும் பட்டியலை வேண்டாமென்று சொல்லலாம். அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சு மட்டும் கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு உபயோகம்.

பழைய எர்டிகா வாங்குவதாக இருந்தால்

சந்தையில் நிறையக் கிடைக்கும். அதில் பாதி மஞ்சள் போர்டில் உழைத்துவிட்டு வந்ததோ என்ற சந்தேகத்தோடேயே பாருங்கள். டாக்ஸிக்கென்றே ‘டூர் எம்’ என்று ஒரு எர்டிகா விற்கிறது. ஆர்.சி.யில் முந்தைய வாகன வகையைப் பாருங்கள். நம்பர் பிளேட்டைச் சுற்றிக் கூடுதல் துளைகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய ஒயரின் வெட்டுத் தடம், மழுங்கிய பெடல் ரப்பர், அமுங்கிப்போன டிரைவர் சீட் ஃபோம் இருக்கும்போது மீட்டரில் 45,000 என்றிருந்தால், நம்ப வேண்டியது பெடலைத்தான்.

2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் வண்டிகளை ஸ்மார்ட் ஹைப்ரிட்டின் பாகமான மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் கோளாறுக்காக 2021 செப்டம்பரில் திரும்ப அழைத்தார்கள். எர்டிகாவோடு வேறு சில மாடல்களும் சேர்த்து 1,81,754 வண்டிகள். 2022 நவம்பரில் தயாரான சில வண்டிகளுக்கு முன்சீட் பெல்ட்டின் உயரம் மாற்றும் பாகத்துக்காக இன்னொரு அழைப்பு. சேசிஸ் எண்ணை மாருதி இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று தெரியும். வேலை முடிந்ததா என்பதை எந்த டீலரும் சர்வீஸ் வரலாற்றைப் பார்த்துச் சொல்வார். இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை அது.

டீசல் எர்டிகா 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. 1.3 டீசல் கிடைத்தால், டர்போ, இன்ஜெக்டர் இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைத்துக்கொண்டே பாருங்கள். ஸ்மார்ட் ஹைப்ரிட்டின் லித்தியம் பேட்டரி முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் தொடும் இடங்களில் அதுவும் ஒன்று. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். எல்லா சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். சீட் உறையைப் புதிதாகத் தைத்துவிடுவார்கள், கார்ப்பெட்டை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் உள்சுருளில் படிந்த சேற்றுக் கோட்டை யாரும் கழுவுவதில்லை.